ஒரு பேச்சு, இரண்டு தேசம்

(தொடர் – 14)

சென்ற இதழை 1824 மார்ச் 17-இல், லண்டனில் நிறுத்தியிருந்தோம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அன்று போட்ட ஒப்பந்தம் ஜொகூர்–ரியாவ் சுல்தானகத்தைச் சிங்கப்பூர் நீரிணை வழியாக இரண்டாகப் பிளந்தது. வடக்கே தீபகற்பமும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் பக்கம். தெற்கே ரியாவ், லிங்கா தீவுகள் டச்சுக்காரர் பக்கம். அரண்மனைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டோம். அந்த அரண்மனைகளில் பேசிய மொழிக்கு என்ன ஆயிற்று என்பது இந்த இதழின் கதை.

அதைப் பெக்கான் நானாஸிலிருந்து சொல்லக் காரணம் உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் தாண்டிப் பொந்தியான் போகும் சாலையில் இருக்கும் அன்னாசி ஊர் இது. ஊர்ப் பெயரை ஒரு பலகை ‘நானாஸ்’ என்று எழுதும், இன்னொன்று ‘நெனாஸ்’ என்று எழுதும். யாரும் சண்டைக்குப் போவதில்லை. சீனர் கடையில் ஹொக்கியனும் மாண்டரினும், தமிழர் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். அந்த மலாய்க்காரர்களிலும் பலரின் பாட்டன் பேசியது மலாய் இல்லை. பொந்தியான் வட்டாரத்தின் சதுப்பு நிலத்தைத் திருத்தியவர்களில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்தும், சுலாவெசியின் பூகிஸ் நாட்டிலிருந்தும், போர்னியோவின் பாஞ்சாரிலிருந்தும் வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தண்ணீர் தேங்கும் மக்கு மண்ணில் வாய்க்கால் வெட்டி வடித்துத் தென்னையும் பாக்கும் அன்னாசியும் வைத்தார்கள். வாய்க்காலுக்கு மலாயில் ‘பாரிட்’. அந்தக் கரையோரக் கம்பங்களில் எத்தனை ‘பாரிட்’ என்று தொடங்குகின்றன என்று வரைபடத்தில் பாருங்கள்.

இவர்கள் வந்தபோது டச்சு அரசின் குடிகள். பேரப்பிள்ளைகள் இன்று பதிவேட்டில் மலாய்க்காரர்கள். எப்படி? நம் அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவைப் புரட்டினால் விடை கிடைக்கும். இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், மலாய் மொழியை வழக்கமாகப் பேசுபவர், மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் மலாய்க்காரர். மெர்டேக்காவுக்கு முன் இந்த மண்ணிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராகவோ, குடியிருந்தவராகவோ, அவர்கள் வழிவந்தவராகவோ இருந்தால் போதும். பாட்டன் பூகிஸா ஜாவாவா என்ற கேள்வியே அதில் இல்லை. சமயத்துக்கு அடுத்தபடி அது கேட்பது மொழியைத்தான். ஆனால் எந்த மலாயை என்று சொல்லவில்லை. கிளந்தான் மலாயா, கெடா மலாயா, நெகிரி செம்பிலான் மலாயா, சரவாக் மலாயா? கோத்தா பாரு சந்தையில் இரண்டு பாட்டிகள் பேசுவதை ஜொகூர்க்காரர் பாதிகூடப் பிடித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளிக்கூடமும் வானொலியும் கொடுத்த விடை ஒன்றே: ஜொகூர்–ரியாவ் மலாய். அதாவது நீரிணையின் இரு கரையிலும் ஒரு காலத்தில் ஒரே அரசவை பேசிய பேச்சு. அந்தப் பேச்சை இலக்கண நூலாகவும் அகராதியாகவும் ஆக்கியவர்கள் யார் என்று தேடினால் வேடிக்கையான ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

முதலில் நம்மவர். முன்ஷி அப்துல்லா, 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். தமிழும் அரபும் கலந்த குடும்பம். சிறுவயதில் தமிழும் படித்தவர். நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது இவரைத்தான். மலாக்காவில் இவரிடம் மலாய் கற்ற பாதிரியார்களில் ஒருவர் கிளாடியஸ் தாம்சன். ஜெர்மன் பேசும் ஹோல்ஸ்டைன் பகுதிக்காரர். அது அப்போது டென்மார்க் அரசருக்கு உட்பட்டிருந்தது. தாம்சன் மலாய்ச் சொற்களை ஐரோப்பிய வரிசையில் அடுக்கி எழுதுவார், மலாய்க்காரர் அப்படிப் பேச மாட்டார்கள் என்று அப்துல்லா மல்லுக்கு நிற்பார். பிழைப்புக்காக விட்டுக்கொடுத்த இடங்களும் உண்டு. அந்த மனத்தாங்கலைத் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1849-இல் அச்சான அந்த நூல் இன்றும் படிக்கச் சுவையாக இருப்பதற்கு இந்தக் கோபங்களும் ஒரு காரணம் என்பேன்.

அடுத்தவர் ராஜா அலி ஹாஜி. பிந்தான் தீவின் தஞ்சோங் பினாங் நகரத்துக்கு எதிரே, படகில் சில நிமிடத் தொலைவில், பெஞெங்காட் என்ற குட்டித் தீவு இருக்கிறது. ரியாவ் துணையரசர்கள் அங்கேதான் இருந்தார்கள். சுல்தான் மலாய், துணையரசர் பூகிஸ் என்பது அந்த அரசின் ஏற்பாடு. ராஜா அலி ஹாஜி அந்தப் பூகிஸ் குடும்பம். 1784-இல் டச்சுக்காரரோடு மலாக்காவில் போரிட்டு மாண்ட ராஜா ஹாஜியின் பேரன். 1850-களில் மலாய்க்கு இலக்கணம் எழுதினார். கையில் இருந்த அளவுகோல் அரபு இலக்கணம். பெயர், வினை, இடைச்சொல் எல்லாம் அந்தக் கணக்கில் பிரித்தார். பிறகு மலாய்க்கு மலாயிலேயே பொருள் சொல்லும் ஓர் அகராதியைத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. நல்ல மலாய் கெட்டுப்போகிறது, அதோடு நல்ல நடத்தையும் போகிறது என்ற கவலை அவர் எழுத்து முழுக்க ஓடுகிறது. பூகிஸ் இளவரசர் ஒருவர் மலாய்க்காகப் பட்ட கவலை இது.

மூன்றாமவர்தான் இந்த இதழுக்கு என்னை இழுத்துவந்தவர். ஹெர்மன் ஃபொன் டெ வால். 1807-இல் ஹெஸ்ஸே நாட்டின் கீஸன் ஊரில் பிறந்த ஜெர்மானியர். அவர் பிறந்தபோது ஜெர்மனி என்று ஒரு நாடு கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட குறுநில அரசுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டாரப் பேச்சு. அதே 1807 டிசம்பரில்தான் பிரெஞ்சுப் படைகள் பிடித்துவைத்திருந்த பெர்லினில் ஃபிஷ்ட்டே என்ற தத்துவ ஆசிரியர், ஒரே மொழி பேசுவோர் இயல்பாகவே ஒரே தேசம் என்று தொடர் சொற்பொழிவு நிகழ்த்தத் தொடங்கினார். அந்தக் கருத்து பிறகு உலகம் முழுக்கச் சுற்றியது. நமக்கும் வந்தது.

ஃபொன் டெ வால் டச்சுக் காலனியில் அதிகாரியானார். மலாய்–டச்சு அகராதி தயாரிக்கும் பணியை டச்சு அரசு அவரிடம் கொடுத்தது. சுத்தமான மலாய் எங்கே பேசுகிறார்கள் என்று டச்சுக்காரர் விசாரித்தபோது ரியாவ் என்ற பதில் ஏற்கெனவே நிலைத்திருந்தது. 1850-களின் பிற்பகுதியில் தஞ்சோங் பினாங்குக்கு வந்து சேர்ந்தார். ராஜா அலி ஹாஜியும் ஹாஜி இப்ராஹிம் என்ற இன்னொரு ரியாவ் பிரமுகரும் உதவிக்கு வந்தார்கள். தீவிலிருந்து ஜாவி எழுத்தில் கடிதங்கள் போயின. ஒரு கடிதத்தில் சொல் விளக்கம், இன்னொன்றில் உடம்பு சரியில்லை என்ற செய்தி. அரபு மரபில் படித்த பூகிஸ் முஸ்லிமும் ஐரோப்பிய அகராதி முறை தெரிந்த ஹெஸ்ஸேகாரரும் மலாயில் எழுதிக்கொண்ட இந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு நூலாகவே வந்துவிட்டன. அகராதி அச்சாகும்வரை ஃபொன் டெ வால் இருக்கவில்லை. 1873-இல் காலமானார். ராஜா அலி ஹாஜியின் மறைவும் ஏறக்குறைய அதே காலம். அகராதியை வேறொரு அறிஞர் சீர்செய்து 1877-க்கும் 1884-க்கும் இடையே பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வெளியிட்டார். ஃபொன் டெ வால் கண்மூடுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1871-இல், அவர் பிறந்த மண் ஒருவழியாக ஜெர்மனி என்ற நாட்டுக்குள் போயிருந்தது.

ஆக, தமிழ் வழிவந்த ஆசிரியர், பூகிஸ் இளவரசர், ஜெர்மானிய அதிகாரி. ‘தூய மலாய்’ எழுத்தில் நிலைபெற்றது இவர்கள் கைகளில். தூய்மை பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசிப்பது நல்லது.

1901. இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். டச்சுக் காலனியில் வான் ஓப்பேய்சன் என்பவர் மலாயை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை அரசு சார்பில் வெளியிட்டார். அடிப்படை ரியாவ் மலாய், எழுத்துக்கூட்டு டச்சு. மூன்று ஆண்டு கழித்து, 1904-இல், தீபகற்பத்தின் கூட்டு மலாய் மாநிலங்களில் வில்கின்சன் தலைமையில் இன்னொரு முறை வந்தது. எழுத்துக்கூட்டு ஆங்கிலம். அதே பேச்சு, அதே சொல். கையில் பிடித்த எழுதுகோல்தான் வேறு. ‘கெச்சில்’ (சின்னது) என்ற சொல்லின் நடுவில் வரும் ‘ச்’ ஒலிக்கு இங்கே சி-யும் எச்-சும், அங்கே டி-யும் ஜே-யும். இந்தோனேசியச் சிறுவன் எழுதியதை மலாயாச் சிறுவன் ‘கெட்ஜில்’ என்று தடுமாறி வாசிப்பான். 1824-இல் கடலில் போட்ட கோடு பலகைக்கும் சிலேட்டுக்கும் வந்து சேர எண்பது ஆண்டு பிடித்தது.

அதே 1901-இல் ஐரோப்பாவில் நேர் எதிர்த்திசையில் ஒரு காரியம் நடந்தது. பெர்லினில் கூடிய மாநாட்டில் ஜெர்மன் எழுத்துக்கூட்டுக்கு ஒரே விதித்தொகுப்பு வகுத்தார்கள். ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஏற்றுக்கொண்டன. பேச்சு மலைக்கு மலை மாறினாலும் எழுத்து ஒன்று. ஜெர்மானியர் எழுத்தில் ஒன்றுசேர்ந்த ஆண்டில் மலாய் பிரியத் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

ஜொகூர் அந்தக் கூட்டு மலாய் மாநிலங்களில் சேராத அரசு. தனக்கென்று ஒரு கழகம் வைத்திருந்தது. சுல்தான் அபு பக்கார் காலத்தில், 1888-இல், ஜொகூர் பாருவில் அரசு அதிகாரிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய மொழிக் கழகம் அது. ஆங்கிலேயர் நேரடியாக ஆளாத மாநிலம் என்பதால் அலுவலக மொழி மலாய். அலுவலகச் சொற்கள் தேவைப்பட்டன. செயலாளருக்கு ‘செத்தியாஉசாஹா’, அலுவலகத்துக்கு ‘பெஜாபாட்’ என்று இன்று நாம் எல்லாப் படிவத்திலும் நிரப்பும் சொற்கள் அந்தக் கழகத்தின் கைவண்ணம்.

தெற்கே கதை வேறு வேகத்தில் ஓடியது. 1928 அக்டோபர் 28-இல் பத்தாவியாவில் கூடிய இளைஞர் மாநாடு ஓர் உறுதிமொழி எடுத்தது. அதில் மலாயின் பெயர் ‘இந்தோனேசிய மொழி’ ஆயிற்று. அங்கே அதிகம் பேர் பேசியது ஜாவா மொழிதான். இலக்கியமும் அரசவையும் அதற்கு உண்டு. இருந்தும் பெரிய இனத்தின் மொழியை எடுக்காமல், துறைமுகங்களில் எல்லோரும் பேசிய மலாயை எடுத்தார்கள். 1945 அரசியலமைப்பின் 36-ஆவது பிரிவு அதை அரசு மொழியாக்கியது. இந்த முடிவைப் பற்றி எனக்கு வியப்பு குறைவதே இல்லை. நம் துணைக்கண்டத்தில் எண்ணிக்கையைக் காட்டி ஒரு மொழியை உயர்த்த முனைந்து எத்தனை போராட்டம், எத்தனை உயிர்! 1956 சிங்களச் சட்டத்தையும் 1965 தமிழ்நாட்டையும் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மலாயாவிலும் 1956 முக்கியமான ஆண்டு. ஜூன் 22-இல் ஜொகூர் பாருவின் புக்கிட் திம்பாலானில் ‘பாலாய் புஸ்தாகா’ என்ற பெயரில் ஓர் அலுவலகம் திறந்தது. செப்டம்பரில் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் நடந்த மலாய் மொழி மாநாட்டையொட்டி அதற்கு டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்று பெயர் வந்தது. மறு ஆண்டு கோலாலம்பூருக்குப் போயிற்று. நாட்டின் மொழிக் காவல் நிலையம் பிறந்த இடம் ஜொகூர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அந்த மாநாட்டின் கனவு இரு கரைக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. 1959-இல் ‘மெலிண்டோ’ என்ற பெயரில் இரு அரசுகளும் ஒரு முறைக்கு ஒப்புக்கொண்டன. ‘ங்’ ஒலிக்கு ஒரு தனி எழுத்தெல்லாம் அதில் உண்டு. தட்டச்சுக்காரர்களின் நல்லகாலம், அது நடைமுறைக்கு வரவில்லை. வராமல் போனதற்குக் காரணம் எழுத்து இல்லை, துப்பாக்கி. மலேசியா உருவாவதை எதிர்த்து 1963 தொடக்கத்திலேயே சுகார்னோவின் இந்தோனேசிய அரசு ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்ற மோதல் கொள்கையை அறிவித்தது.

1964 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்று சுமார் 100 ஆயுததாரிகள் கடல் வழியாக வந்து பொந்தியான் கரையில் இறங்கினார்கள். ஏன் பொந்தியான்? எதிரே கரிமுன் தீவு, கடல் குறுகல், கரையில் சதுப்பும் கண்டல் காடும். ஊருக்குள் ஜாவா, பூகிஸ் வழியினர். உள்ளூர்க்காரர் கைகொடுப்பார்கள் என்று ஜகார்த்தா கணக்குப் போட்டிருந்தது. கைகொடுக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் விரைவில் பிடிபட்டார்கள். ஒரே மொழி பேசுவோர் ஒரே தேசம் என்ற ஃபிஷ்ட்டேயின் வாதத்தை இந்தச் சதுப்புக் கரையைப்போல் சுருக்கமாக மறுத்த இடம் குறைவு. பாட்டன் ஊர் அந்தக் கரை, வீட்டில் ஜாவா மொழி. ஆனாலும் வாய்க்கால் வெட்டி நிலம் திருத்திய இந்தக் கரைதான் அவர்களுக்கு நாடு.

எட்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 1972 ஆகஸ்ட் 16-இல், இரண்டு நாடுகளும் ஒரே நாளில் புதிய பொது எழுத்துக்கூட்டை அறிவித்தன. நாம் எச்-சை விட்டோம், அவர்கள் டி-யையும் ஜே-யையும் விட்டார்கள். நடுவில் வெறும் சி நின்றது. அந்த ஆண்டே இரு நாட்டு மொழி மன்றம் அமைந்தது. 1985-இல் புருணை சேர்ந்தது; சிங்கப்பூர் பார்வையாளராக வந்து உட்கார்ந்தது. ஐம்பது ஆண்டு கடந்தும் ‘பொந்தியான் கெச்சில்’ பலகைகளில் அந்த எச் பிடிவாதமாக நிற்கிறது. 1901-இல் எழுத்தை ஒன்றாக்கிய ஜெர்மன் பேசும் நாடுகளோ அடுத்த பெரிய திருத்தத்துக்கு வியன்னாவில் கையெழுத்திட்டது 1996 ஜூலை 1-இல்.

எழுத்து ஒன்றானதும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. நம் ‘உனிவெர்சிட்டி’ அங்கே ‘உனிவெர்சிதாஸ்’; நம்முடையது ஆங்கிலம் கொடுத்தது, அவர்களுடையது லத்தீன் வடிவம். இங்கே இலவசம் என்பதற்கு எழுதும் ‘பெர்சுமா’ அங்கே வீண் என்று பொருள்படும். கூக்குப் துறையிலிருந்து கரிமுனுக்குப் படகேறும் வியாபாரி இந்த வித்தியாசங்களை அகராதி இல்லாமலே கையாளுகிறார்.

உச்சரிப்பில் நடந்த கூத்து தனி. ஜொகூர்–ரியாவ் பேச்சில் சொல்லின் இறுதி அகரம் வாய் திறக்காமல், ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் இடையே மங்கி ஒலிக்கும். கெடாவில் அது முழு அகரம். இந்தோனேசியாவிலும் முழு அகரம். 1988-இல் நம் கல்வித் துறை எழுதியபடியே உச்சரிக்கும் ‘செபுத்தான் பாக்கு’ முறையைப் பள்ளிகளில் புகுத்தியது. வகுப்பில் ஒரு மலாய், வாசல் தாண்டினால் இன்னொரு மலாய். 2000 வாக்கில் அரசு அதைக் கைவிட்டு ஜொகூர்–ரியாவ் ஒலிக்கே திரும்பியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளோ 1993-இல் அந்தப் ‘பாக்கு’ முறையை எடுத்துக்கொண்டு தொடர்ந்தன. ஜொகூர்ச் சுல்தானகத்தின் பகுதியாக இருந்த தீவு ஜொகூர் ஒலியை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பியது.

பெயர்ப் பிரச்சினையும் ஓயவில்லை. அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவில் ‘மலாய் மொழி’. 1969 கலவரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் உரியது என்று காட்ட ‘பஹாசா மலேசியா’. எண்பதுகளில் மீண்டும் ‘பஹாசா மெலாயு’. 2007-இல் அமைச்சரவை மறுபடி ‘பஹாசா மலேசியா’. ஆஸ்திரியாவும் 1945-க்குப் பிறகு இப்படித் தடுமாறியது. ஹிட்லர் காலத்துக் கறையிலிருந்து விலகி நிற்க, சில ஆண்டு பள்ளிச் சான்றிதழில் ஜெர்மன் என்று போடாமல் ‘பயிற்று மொழி’ என்று போட்டார்கள். 1951-இல் தமக்கென்று ஓர் அகராதி வெளியிட்டார்கள். 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது உருளைக்கிழங்கு, தக்காளி என்று 23 உணவுச் சொற்களுக்குத் தங்கள் வழக்கையே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். மொழியின் பெயர் ஜெர்மனாகவே இருந்தது. இந்தோனேசியா பெயரை மாற்றியது. ஆஸ்திரியா சமையலறையைக் காத்துக்கொண்டது. நாம் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம்.

இதில் தமிழர் எங்கே? தோட்டத்துத் தமிழர் பேசிய மலாய், டேவான் பஹாசாவின் மலாய் இல்லை. ஹொக்கியன் ‘குவா’வும் ‘லூ’வும் கலந்த சந்தை மலாய் அது. ‘சாயா பூஞா ரூமா’ என்று எல்லாவற்றுக்கும் ஒரு ‘பூஞா’ சேர்த்துப் பேசி மூன்று தலைமுறை பால்மரம் சீவிப் பிழைத்தது. எழுபதுகளில் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. மலாய்த் தாளில் தேறாவிட்டால் ஐந்தாம் படிவச் சான்றிதழே இல்லை என்றானது. வீட்டில் கேட்ட மலாய் தேர்வில் செல்லாது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அப்போதுதான். இன்று அவர்களுடைய பிள்ளைகள் ஜொகூர்–ரியாவ் மலாயைச் செய்தி வாசிப்பாளர் மாதிரி பேசுகிறார்கள்.

பெக்கான் நானாஸில் ஒரு தடுப்பு முகாம் இருக்கிறது. ஆவணம் இல்லாமல் பிடிபடும் அயல்நாட்டவரை வைக்கும் இடம். இந்தோனேசியர்களும் அவர்களில் உண்டு. காவலருக்கும் கைதிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நூறு ஆண்டுக்கு முன் அதே தீவுகளிலிருந்து வந்து அன்னாசி நட்டவரின் வாரிசு இந்தப் பக்கம், இப்போது வந்தவர் அந்தப் பக்கம்.

அந்த முகாமை நடத்தும் துறைக்கு நாம் குடிநுழைவுத் துறை என்கிறோம், சிங்கப்பூரும் அப்படியே. இலங்கையில் குடிவரவு. தமிழ்நாட்டில் குடியேற்றம் என்பார்கள். ஒரே அலுவலகத்துக்கு மூன்று தமிழ். தவறில்லை, நாடு வேறானால் சொல் வேறாகும், ஆஸ்திரியாக்காரரின் தக்காளியைப் போல. ஆனால் மலாய்க்காரருக்கு 1972-இலிருந்து இரண்டு நாட்டு அரசுகளும், 1985-இலிருந்து மூன்றும் கூடிச் சொல் முடிவுசெய்யும் ஒரு மேசை இருக்கிறது. தமிழுக்கு அரசுகள் அமரும் அப்படி ஒரு மேசை இல்லை. 1966-இல் தனிநாயக அடிகள் முன்னின்று முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். பின்னர் மாநாடுகள் பெருகின. கணினித் துறைக்கு 2000-இல் உத்தமம் என்ற அமைப்பு வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தமோ தமிழ்நாட்டின் ஓர் அரசாணையாக வந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் பிறகு பின்தொடர்ந்தன. முன்கூட்டி யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு நாட்டுத் தமிழுக்கும் சமமான நாற்காலி போட்ட ஒரு சொல்மன்றம் வேண்டும். அதைக் கூட்டும் தகுதி சென்னைக்கு மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை.

பொந்தியான், பெக்கான் நானாஸ், கூக்குப் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1972-க்கு முந்தைய எழுத்துக்கூட்டில் அச்சான மலாய்ப் பாடநூலோ, தோட்ட நிர்வாகத்தின் அறிவிப்போ, பழைய கடைப் பற்றுச்சீட்டோ வீட்டில் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து இதழுக்கு அனுப்புங்கள். 1964 ஆகஸ்ட் நாள்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் எழுதச் சொல்லுங்கள், தமிழோ மலாயோ எதுவானாலும் சரி. அடுத்த இதழில், 1911-இல் டச்சுக்காரர் ரியாவ் சுல்தானைப் பதவியிறக்கியதையும் பெஞெங்காட்டின் எழுத்தாளர்கள் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் சிதறியதையும் பார்ப்போம்.